ரெப்போவில் டேக் போடுவது: செலவு, பயன், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணிக்குப் புதிதாக வருகிறவர்கள் டேக் பற்றிக் கேட்பதெல்லாம் பெரும்பாலும் இரண்டு பயங்களிலிருந்து வருகிறது. நிறைய டேக் போட்டால் ரெப்போ (கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் சேமிப்பகம்) வீங்கிவிடுமோ என்பது ஒன்று. தப்பாகப் போட்டுவிட்டால் திருத்த முடியாமல் போய்விடுமோ என்பது இன்னொன்று. முதல் பயத்துக்குப் பெரிய ஆதாரம் கிடையாது. இரண்டாவதற்கு நிறையவே உண்டு. இங்கே உள்ள பதில்கள் பெரும்பாலும் கிட் (Git) என்ற, கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் கருவியை வைத்துச் சொல்லப்பட்டவை. மற்ற வெர்ஷன் கன்ட்ரோல் கருவிகளில் இதே விஷயம் எப்படி மாறுகிறது என்பதையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

டேக் என்பது என்ன? பிராஞ்சிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இரண்டுமே ஒரு கமிட்டுக்கு (வரலாற்றில் பதிந்த ஒரு நிலைக்கு) வைத்த பெயர்தான். பிராஞ்சில் (வேலை தொடரும் கிளையில்) நீங்கள் புதிதாகக் கமிட் செய்தால் அந்தப் பெயர் தானாகப் புதிய கமிட்டுக்கு நகரும். டேக் நகராது, வைத்த இடத்திலேயே நிற்கும். கிட்டின் உள்ளே பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே வகைப் பொருள். ஒன்று "ரெஃப்ஸ்/ஹெட்ஸ்" அடைவிலும் மற்றது "ரெஃப்ஸ்/டேக்ஸ்" அடைவிலும் இருக்கிறது, அவ்வளவே. "இது நகரக் கூடாது" என்பதை கிட் ஓரளவுதான் காவல் காக்கிறது. மீதியை நாம்தான் காக்க வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்தே தொடங்குகிறது.

ஒரு டேக் எவ்வளவு இடம் பிடிக்கும்?

கிட்டில் சாதாரண லைட்வெயிட் டேக் ஒன்றைப் போட்டுவிட்டு, ".கிட்" அடைவுக்குள் "ரெஃப்ஸ்/டேக்ஸ்" என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். டேக்கின் பெயரிலேயே ஒரு சிறு கோப்பு இருக்கும். அதற்குள் கமிட்டின் ஹேஷ் (அதன் தனி அடையாளம்) 40 எழுத்து, பிறகு ஒரு வரி முடிவு. மொத்தம் 41 பைட். வேறு எதுவும் இல்லை. உங்கள் சோர்ஸ் கோப்புகள் எதையும் டேக் நகலெடுப்பதில்லை. ரெப்போ 10 எம்பி ஆனாலும் 10 ஜிபி ஆனாலும் அதே 41 பைட்தான். (ஃபைல் சிஸ்டம் ஒரு சிறு கோப்புக்கும் ஒரு முழு பிளாக் ஒதுக்குமானால் வட்டில் அது 4 கேபி என்று காட்டலாம்.)

அனோடேட்டட் டேக் என்றால் இதோடு ஒரு டேக் ஆப்ஜெக்ட்டும் சேரும். அதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்: எந்த ஆப்ஜெக்ட்டைச் சுட்டுகிறது என்று ஒரு வரி, அது கமிட்டா வேறேதாவதா என்று ஒரு வரி, டேக்கின் பெயர் ஒரு வரி, போட்டவர் யார், எப்போது என்று ஒரு வரி, ஒரு வெற்று வரி, கடைசியில் நீங்கள் எழுதிய செய்தி. செய்தி ஒரு வரியாக இருந்தால் மொத்தம் ஏறத்தாழ 150 பைட்.

டேக்குகள் பெருகும்போது கிட் அவற்றை "பேக்டு-ரெஃப்ஸ்" என்ற ஒரே கோப்பில் அடுக்கிவிடும். "வி1.4.0" என்ற டேக்குக்கு அங்கே ஒரு வரி 58 பைட். அனோடேட்டட் என்றால், அது கடைசியில் சுட்டும் கமிட்டைச் சொல்லும் இன்னொரு வரி 42 பைட். ஆக ஒரு டேக்குக்கு 100 பைட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

லைட்வெயிட், அனோடேட்டட், இரண்டில் எதைப் போடுவது?

உங்கள் மெஷினை விட்டு வெளியே போகப்போகிற டேக் என்றால் அனோடேட்டட். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. யார் போட்டது, எந்தத் தேதியில், எதற்காக என்ற விவரம் டேக்கோடு சேர்ந்தே பயணிக்கும். லைட்வெயிட் டேக்கில் அந்த விவரத்துக்கு இடமே இல்லை. அதில் தெரியும் தேதி கமிட்டின் தேதி, ரிலீஸின் தேதி அல்ல. மூன்று வாரம் முந்தைய கமிட்டை இன்று ரிலீஸ் செய்தால் இந்த வித்தியாசம் முக்கியமாகிவிடும்.

கிட்டின் சொந்தக் கட்டளைகளும் இதே கருத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அருகிலுள்ள டேக்கை வைத்து ஒரு கமிட்டுக்குப் பெயர் தரும் "கிட் டிஸ்கிரைப்", வேறு எதுவும் சொல்லாவிட்டால் அனோடேட்டட் டேக்குகளை மட்டுமே பார்க்கும். புஷ் செய்யும்போது (சர்வருக்கு அனுப்பும்போது) "ஃபாலோ-டேக்ஸ்" என்று சொன்னாலும் அவை மட்டுமே போகும். லைட்வெயிட் டேக், பெரிய மெர்ஜுக்கு (கிளைகளை இணைப்பதற்கு) முன் "இந்த இடம் நன்றாக ஓடியது" என்று நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் அடையாளத்துக்கு உகந்தது. வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

அப்படியானால் "டேக் போடுவது கனமான வேலை" என்று சீனியர்கள் ஏன் சொல்கிறார்கள்?

அவர்கள் சிவிஎஸ் (கிட்டுக்கு முந்தைய வெர்ஷன் கன்ட்ரோல் கருவி) காலத்தில் வேலை பார்த்திருக்கக்கூடும். சிவிஎஸ்-இல் ஒவ்வொரு கோப்புக்கும் சர்வரில் தனித்தனி வரலாற்றுக் கோப்பு உண்டு. டேக் போடு என்றால் அந்த ஒவ்வொரு வரலாற்றுக் கோப்பின் தலைப்பகுதியிலும் "இந்தப் பெயர், இந்தக் கோப்பில் இந்த ரிவிஷன்" என்று எழுத வேண்டும். 20,000 கோப்பு இருந்தால் 20,000 இடத்தில் எழுத்து வேலை. அதுவும் நடுவில் ஒரு வரி செருகுவது அல்ல. வரலாற்றுக் கோப்பு முழுவதையும் புதிதாக எழுதிப் பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். வேலை பாதியில் நின்றால் பாதிக் கோப்புகளில் டேக் இருக்கும், மீதியில் இருக்காது.

ஆனால் அதே சிவிஎஸ்-இல்தான் டேக்கின் தேவையும் மிக அதிகம். அங்கே கமிட் என்பது கோப்பு கோப்பாக நடப்பது. ஒரு கோப்பு 1.7-இல் இருக்கும், பக்கத்துக் கோப்பு 1.23-இல் இருக்கும். "மொத்தப் புராஜெக்ட்டும் அன்று இப்படி இருந்தது" என்று சொல்ல ஒரு எண் கிடையாது. டேக் போடாவிட்டால் அந்த நிலையை மறுபடி பிடிக்கத் தேதியை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். அதனால் விலை அதிகமானாலும் கொடுத்தார்கள். கிட்டில் ஒவ்வொரு கமிட்டும் முழு மரத்தின் நிலையையே குறிக்கிறது. அந்தச் சுமை டேக்கிலிருந்து கமிட்டுக்குப் போய்விட்டதால், டேக் வெறும் பெயராகச் சுருங்கிவிட்டது.

சப்வெர்ஷனில் டேக் போட்டால் முழு அடைவே நகலாகிறதே, இடம் வீணாகாதா?

ஆகாது. 2004-இல் சப்வெர்ஷன் 1.0 வந்தபோது சிவிஎஸ்-இன் இந்த வலியைத் தீர்ப்பது அதன் பெரிய கவர்ச்சிகளில் ஒன்று. அங்கே டேக் என்று தனிப் பொருளே கிடையாது. "டிரங்க்" (முதன்மைக் கிளை) அடைவை "டேக்ஸ்" அடைவுக்குள் ஒரு புதுப் பெயரில் நகலெடுப்பீர்கள். சர்வர் உள்ளே கோப்புகளை நகலெடுப்பதில்லை, பழைய மரத்தைச் சுட்டும் ஒரு புதுப் பதிவை மட்டுமே எழுதுகிறது. எத்தனை கோப்பு இருந்தாலும் ஒரே ரிவிஷன், ஒரே நொடி.

செலவு வருவது பயன்படுத்துகிறவர் பக்கத்தில். யாராவது "டிரங்க்" என்று சொல்லாமல் ரெப்போவின் வேரையே செக்அவுட் செய்தால் (தன் மெஷினுக்கு இறக்கினால்), சர்வரில் மலிவாக இருந்த அத்தனை டேக்குகளும் அவருடைய வட்டில் முழு நகல்களாக இறங்கும். 80 டேக் என்றால் புராஜெக்ட்டின் 80 பிரதி. புதிதாகச் சேர்ந்தவர் வட்டு நிரம்பிவிட்டது என்று சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

இன்னொன்று: அந்த நகல் சாதாரண அடைவு என்பதால் அதற்குள்ளேயே யாரும் கமிட் செய்யலாம். சப்வெர்ஷன் தடுக்காது. சர்வரில் பிரீ-கமிட் ஹூக் (கமிட்டுக்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட்) ஒன்றை வைத்து "டேக்ஸ்" அடைவுக்குள் புதிதாக உருவாக்கலாம், இருப்பதை மாற்றக் கூடாது என்று நாமே கட்ட வேண்டும்.

மெர்க்குரியலில் டேக் போட்டால் ஏன் புதுசாக ஒரு கமிட் விழுகிறது?

மெர்க்குரியல் (கிட் போன்ற இன்னொரு கருவி) டேக்குகளை ".எச்ஜிடேக்ஸ்" என்ற கோப்பில் வைக்கிறது. அதுவும் மற்ற கோப்புகளைப் போலவே வரலாற்றில் பதிவாகிறது. ஆகவே டேக் போடுவது அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்த்துக் கமிட் செய்வதுதான். இதில் ஒரு விசித்திரம் உண்டு. டேக் போட்ட கமிட்டுக்குள் அந்த டேக்கின் பதிவு இருக்காது, அடுத்த கமிட்டில்தான் இருக்கும். அந்த டேக் வரைக்கும் மட்டும் குளோன் செய்தவரிடம் (ரெப்போவை நகலெடுத்தவரிடம்) அந்த டேக்கின் பெயரே இருக்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் டேக் போட்டால் அந்தக் கோப்பில் மெர்ஜ் மோதலும் வரலாம்.

இதற்கு ஈடாகக் கிடைப்பது சிறிய விஷயம் அல்ல: யார் எப்போது டேக்கை மாற்றினாலும் அது வரலாற்றில் பதிவாகிவிடும். இந்த வசதி கிட்டில் இல்லை. தணிக்கைக்கு உட்பட்ட வேலைகளில் இதன் அருமை தெரியும்.

பெர்ஃபோர்ஸ் கருவியில் டேக்கின் இடத்தில் உள்ள லேபிள் எப்படி?

நிலையான லேபிள் என்றால் அதில் சேர்ந்த ஒவ்வொரு கோப்புக்கும் சர்வரின் தரவுத்தளத்தில் ஒரு பதிவு விழும். சிவிஎஸ் போலவே கோப்பு எண்ணிக்கையோடு சேர்ந்து செலவும் வளரும். ஒரு சேஞ்ச்லிஸ்ட் (கமிட் போன்றது) எண்ணைச் சுட்டும் தானியங்கி லேபிள் மலிவு. முழுப் புராஜெக்ட்டின் நிலையைக் குறிக்க இதுவே போதும்.

ஆயிரக்கணக்கில் டேக் சேர்ந்தால் கிட் மெதுவாகுமா?

சில ஆயிரம் வரை கவலையே வேண்டாம். ஒரு லட்சத்தைத் தொடும்போது நிலைமை மாறும். அப்போதும் வட்டுச் செலவு பெரிதல்ல: மேலே சொன்ன கணக்கில் ஒரு லட்சம் டேக்குக்கு 10 எம்பிதான். அடி விழுவது நெட்வொர்க்கில்.

கிட்டின் பழைய நெறிமுறையில் (புரோட்டகால்), நீங்கள் ஃபெட்ச் (புதியதை எடுத்து வா) என்று சொன்னதும் சர்வர் தன்னிடமுள்ள எல்லா ரெஃப்களையும் (பிராஞ்ச், டேக் முதலிய பெயர்கள்) முதலில் ஒப்பிக்கும். புதுசாக ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒப்பிக்கும். "வி1.4.0" அளவுப் பெயருடைய அனோடேட்டட் டேக் ஒன்றுக்கு இதில் 127 பைட். ஒரு லட்சம் டேக் என்றால் ஒவ்வொரு ஃபெட்ச்சுக்கும் 12.7 எம்பி வெறும் பெயர்ப்பட்டியல். ஒரு பில்ட் மெஷின் (சோர்ஸைத் தானாகத் தொகுக்கும் மெஷின்) 5 நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப்பார்த்தால் நாளைக்கு 288 முறை, ஏறத்தாழ 3.7 ஜிபி. அதில் ஒரு வரி சோர்ஸ் கோடு கூட இல்லை.

2018-இல் கிட் 2.18-உடன் வந்த இரண்டாம் பதிப்பு நெறிமுறை (2020-இல் கிட் 2.26 முதல் இதுவே இயல்புநிலை) "எனக்கு இந்த முன்னொட்டுள்ள ரெஃப்கள் மட்டும் போதும்" என்று கேட்க வழி செய்தது. பலர் இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். பிராஞ்சுகள் விஷயத்தில் அது சரி. ஆனால் சாதாரண ஃபெட்ச், வரும் கமிட்டுகளோடு தொடர்புடைய டேக்குகளையும் இழுத்து வர முயல்கிறது. எவை தொடர்புடையவை என்று தெரிய டேக் பட்டியல் முழுவதையும் கேட்டாக வேண்டும். அதனால் டேக் தேவையில்லாத பில்ட் மெஷினில் "நோ-டேக்ஸ்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மிச்சம் அங்கேதான் கிடைக்கும்.

டேக்கை அழிப்பதிலும் ஒரு செலவு மறைந்திருக்கிறது. "பேக்டு-ரெஃப்ஸ்" கோப்பிலிருந்து ஒரு வரியை நீக்க அந்தக் கோப்பு முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். ஆயிரம் டேக்கை ஒரு லூப் போட்டு ஒவ்வொன்றாக அழிப்பதைவிட எல்லாப் பெயர்களையும் ஒரே கட்டளையில் கொடுப்பது மேல். 2024-இல் கிட் 2.45-உடன் வந்த "ரெஃப்டேபிள்" சேமிப்பு முறை இந்த மாதிரிச் சிக்கல்களுக்காகவே உருவானது. ரெஃப்கள் மிக அதிகமுள்ள ரெப்போ என்றால் அதை ஆராய்ந்து பார்க்கலாம்.

அப்படியானால் ஒவ்வொரு பில்டுக்கும் ஒரு டேக் போடலாமா?

முடியும், ஆனால் வேண்டாம். பில்டை அடையாளம் காட்டக் கமிட் ஹேஷ் ஏற்கெனவே இருக்கிறது. பில்ட் எண்ணுக்கும் ஹேஷுக்கும் உள்ள உறவைப் பில்ட் சிஸ்டமே பதிந்து வைத்திருக்கும். அதே ஹேஷை பைனரிக்குள் (தொகுத்து முடித்த நிரலுக்குள்) பொதித்துவிட்டால் இன்னும் நல்லது. பில்ட் டேக்குகள் குவிந்தால் முதலில் பாதிக்கப்படுவது மனிதர்கள். டேக் பட்டியலைத் திறந்து கடைசி ரிலீஸ் எது என்று பார்க்க வந்தவர் நூற்றுக்கணக்கான நைட்லி (இரவுதோறும் ஓடும் பில்ட்) பெயர்களுக்குள் தேட வேண்டியிருக்கும். டேக் பட்டியல் ஒரு புராஜெக்ட்டின் பொருளடக்கம் மாதிரி வாசிக்கப்பட வேண்டும்.

வெளியே கொடுத்த பில்ட், சோதனை அணிக்கு முறையாகப் போன ரிலீஸ் கேண்டிடேட், புரொடக்‌ஷனுக்குப் போனது, இவற்றுக்கு டேக் போடுங்கள். மற்றவற்றுக்கு ஹேஷ் போதும்.

பெரிய கோப்பு ஒன்றை வரலாற்றிலிருந்தே நீக்கினேன். ரெப்போ சுருங்கவில்லையே?

பழைய டேக் ஏதாவது அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். டேக்கின் உண்மையான சேமிப்புச் செலவு இதுதான். அந்த 41 பைட் சிறியது, ஆனால் அது சுட்டும் கமிட்டும், அந்தக் கமிட்டுக்குப் பின்னால் உள்ள முழு வரலாறும், அதிலுள்ள எல்லாக் கோப்புகளும் "பயன்பாட்டில் உள்ளவை" என்று கருதப்படும். கார்பேஜ் கலெக்‌ஷன் (பயன்படாதவற்றை நீக்கும் வேலை) அவற்றைத் தொடாது. பிராஞ்சை அழித்தாலும், வரலாற்றைத் திருத்தி எழுதினாலும், ஒரே ஒரு டேக் பழைய கமிட்டைச் சுட்டினால் அந்த 500 எம்பி வீடியோ கோப்பு அங்கேயே இருக்கும்.

வரலாற்றைத் திருத்தும்போது டேக்குகளையும் சேர்த்தே திருத்த வேண்டும். "ஃபில்டர்-ரெப்போ" கருவி இயல்பாகவே டேக்குகளையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அணியில் ஒருவருடைய பழைய குளோனிலிருந்து எல்லா டேக்குகளும் மறுபடி புஷ் ஆனால் பழைய வரலாறு முழுவதும் சர்வருக்குத் திரும்பி வந்துவிடும். எல்லோரும் புதிதாகக் குளோன் செய்தாக வேண்டும். கசிந்த கடவுச்சொல்லை நீக்குகிறீர்கள் என்றால் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். எப்படியும் அந்தக் கடவுச்சொல்லை முதலில் மாற்றிவிடுங்கள்.

ரிலீஸுக்குப் பெயர் வைப்பது தவிர டேக்கால் வேறு என்ன பயன்?

நான் மிக அதிகமாகப் பயன்படுத்துவது இரண்டு டேக்குகளுக்கு இடைப்பட்ட லாக். "வி1.3.0" முதல் "வி1.4.0" வரை என்னென்ன கமிட் என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம். ரிலீஸ் குறிப்பு எழுதுவதில் பாதி வேலை அதோடு முடிந்துவிடும்.

அடுத்தது, ஒரு திருத்தம் எந்த ரிலீஸில் போனது என்ற கேள்வி. வாடிக்கையாளர் ஒருவர் ஒரு பக் பற்றி எழுதுகிறார். அதைச் சரிசெய்த கமிட் உங்களுக்குத் தெரியும். "கிட் டேக்" கட்டளையில் "கன்டெய்ன்ஸ்" என்று கொடுத்து அந்தக் கமிட்டைச் சொன்னால், அதை உள்ளடக்கிய எல்லா ரிலீஸ்களின் பெயரும் வரும். அவரிடமுள்ள பதிப்பு அதில் இல்லை என்றால் பதில் தயார். பாதுகாப்பு ஓட்டை அறிவிப்பில் "எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை பாதிப்பு" என்று எழுதவும் இதே வழிதான். டேக் ஒழுங்காக இல்லாத புராஜெக்ட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நாள் ஆகும்.

பிழை புகுந்த கமிட்டைத் தேடும் "கிட் பைசெக்ட்" ஓட்டும்போதும் தொடக்கமாக ஒரு நல்ல புள்ளி, ஒரு கெட்ட புள்ளி வேண்டும். "1.3-இல் வேலை செய்தது, 1.4-இல் இல்லை" என்று பயனர் சொல்வதை அப்படியே உள்ளிட முடிவது டேக் இருப்பதால்தான்.

பிறகு "கிட் டிஸ்கிரைப்". டேக்குக்கும் தற்போதைய கமிட்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு பெயராகத் தரும்: முதலில் "வி1.4.0", அடுத்து 14 என்று அதற்குப் பிந்தைய கமிட்டுகளின் எண்ணிக்கை, கடைசியில் "ஜி" என்ற எழுத்தோடு சுருக்கப்பட்ட ஹேஷ். இதைப் பதிப்பு எண்ணாகப் பைனரிக்குள் வைத்தால், எங்கோ ஓடும் ஒரு பில்டைப் பார்த்து அதன் சோர்ஸைச் சரியாகப் பிடித்துவிடலாம்.

சிஐ-யில் (மாற்றங்களைத் தானாகப் பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பில்) மட்டும் "கிட் டிஸ்கிரைப்" பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்று பிழை தருகிறது. ஏன்?

பெரும்பாலான சிஐ அமைப்புகள் ஆழமில்லாத குளோன் எடுக்கின்றன. கடைசி ஒரு கமிட், டேக் எதுவும் இல்லை. டிஸ்கிரைப்புக்கு டேக்கும் வேண்டும், அதுவரை போகும் வரலாறும் வேண்டும். குளோன் ஆழத்தை நீக்கி டேக்குகளையும் எடுக்கச் சொல்லுங்கள். பதிப்பு எண் தேவைப்படும் ரிலீஸ் ஜாபில் மட்டும் இதைச் செய்தால் போதும், டெஸ்ட் ஜாப்கள் ஆழமில்லாத குளோனிலேயே ஓடட்டும்.

புஷ் செய்துவிட்டேன், சர்வரில் டேக் தெரியவில்லை.

சாதாரண புஷ் டேக்குகளை அனுப்பாது. டேக்கின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள், அல்லது "ஃபாலோ-டேக்ஸ்" என்பதைக் கான்ஃபிகில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். "டேக்ஸ்" என்று மொத்தமாக அனுப்புவதைத் தவிருங்கள். உங்கள் சொந்தச் சோதனை டேக்குகளும் எல்லோருடைய ரெப்போவுக்கும் போய்ச் சேரும்.

தவறான கமிட்டில் டேக் போட்டுவிட்டேன். நகர்த்தலாமா?

இன்னும் புஷ் செய்யவில்லையா? தாராளமாக நகர்த்துங்கள். புஷ் செய்து, யாராவது எடுத்திருக்கவும் வாய்ப்பிருந்தால் நகர்த்த வேண்டாம். "வி1.4.0" தவறென்றால் "வி1.4.1" போடுங்கள். எண்கள் தீர்ந்துவிடாது. கிட்டின் சொந்தக் கையேடும் இந்த நிலைமைக்கு இதே அறிவுரையைத்தான் தருகிறது: தவறை ஒப்புக்கொண்டு வேறு பெயர் வைப்பதே விவேகமான வழி.

காரணம் இதுதான். உங்கள் டேக்கை ஏற்கெனவே எடுத்தவரிடம் பழையது அப்படியே நிற்கும். கிட் 2.20 முதல் ஃபெட்ச் செய்யும்போது, இருக்கும் டேக்கை மாற்ற மறுத்துவிடும். அவர் வலிந்து கேட்டால்தான் மாறும். ஆக, ஒரே பெயர், இரண்டு பேரிடம் இரண்டு வெவ்வேறு கோடு. இருவரும் "வி1.4.0-இல் பார்த்தேன்" என்று பேசுவார்கள், பேசுவது வேறு வேறு விஷயம். போதாததற்கு, கிட் இயல்புநிலையில் டேக்குகளுக்கு ரெஃப்லாக் (பெயர் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்ற பதிவு) வைப்பதில்லை. டேக் நேற்று எங்கே இருந்தது என்பதற்கு உங்கள் ரெப்போவில் தடயமே இருக்காது.

பேக்கேஜ் உலகம் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்கிறது. கோ மொழியில் டேக்தான் மாட்யூலின் பதிப்பு. முதல் முறை யாராவது அந்தப் பதிப்பைக் கேட்கும்போதே அதன் செக்சம் (உள்ளடக்கம் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொதுத் தரவுத்தளத்தில் பதிவாகிவிடும். நீங்கள் பிறகு டேக்கை நகர்த்தினால், பயனர்களுக்குச் செக்சம் பொருந்தவில்லை என்று பிழை வரும். அது சரியான நடத்தை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு 2025 மார்ச்சில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (கிட்ஹப் தளத்தின் சிஐ சேவை) பரவலாகப் பயன்பட்ட "டிஜே-ஆக்‌ஷன்ஸ்/சேஞ்ட்-ஃபைல்ஸ்" என்ற ஆக்‌ஷனுக்குள் புகுந்த தாக்குதலாளர், அதன் பழைய பதிப்பு டேக்குகளைத் தன் தீங்கான கமிட்டுக்கு நகர்த்திவிட்டார். டேக் பெயரை நம்பிப் பயன்படுத்தியவர்களின் பில்டில், அவர்கள் பக்கம் எதுவுமே மாறாமல், அந்தக் கோடு ஓடியது. சிஐ ரகசியங்கள் பில்ட் லாகில் கொட்டப்பட்டன. அந்த ஆக்‌ஷனை 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்தி வந்தன. முழு கமிட் ஹேஷைக் குறிப்பிட்டு, தீங்கு புகுவதற்கு முன்பே நிலைநிறுத்தியிருந்தவர்களை டேக் நகர்வு தொடவில்லை.

இதிலிருந்து இரண்டு வேலை. மற்றவர்களுடைய கோடை உங்கள் பில்டில் ஓட்டும்போது டேக் பெயர் போதாது, முழு ஹேஷைக் கொடுங்கள். உங்கள் ரெப்போவில் ரிலீஸ் டேக்குகளை யாரும் நகர்த்தவோ அழிக்கவோ முடியாதபடி சர்வரில் பூட்டுங்கள். கிட்ஹப், கிட்லாப் இரண்டிலும் அதற்கான பாதுகாப்பு விதிகள் உண்டு.

டேக்கில் கையொப்பம் தேவையா?

மற்றவர்கள் உங்கள் கோடை எடுத்து ஓட்டுகிறார்கள் என்றால் ஆம். கையொப்பம் டேக் ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே இருக்கும். கமிட் ஹேஷ் அதன் முழு வரலாற்றையும் உள்ளடக்குவதால் ஒரு கையொப்பம் அவ்வளவுக்கும் சேர்ந்தே பொருந்தும். ஜிபிஜி (கையொப்பமிடும் குறியாக்கக் கருவி) சாவிகளோடு மல்லாட வேண்டுமே என்று தள்ளிப்போட்டவர்களுக்கு: 2021-இல் வந்த கிட் 2.34 முதல், சர்வரில் நுழையத் தினமும் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் சாவியாலேயே கையொப்பமிடலாம். கையொப்பமிட்டால் மட்டும் போதாது, பில்டில் அதைச் சரிபார்க்கவும் வேண்டும். யாரும் சரிபார்க்காத கையொப்பத்தால் பலன் இல்லை.

பெயர் எப்படி வைப்பது?

"வி" என்ற முன்னொட்டு, பிறகு மூன்று எண். ஒரு புராஜெக்ட் முழுக்க ஒரே பாணி. முன்னொட்டு வேண்டுமா வேண்டாமா என்று விவாதம் வந்தால் வைத்துவிடுங்கள், கோ மொழிக்கு அது கட்டாயம். ஒரே ரெப்போவில் பல மாட்யூல் இருந்தால் அடைவின் பெயரை முன்னால் சேர்த்து "கிளையன்ட்/வி1.4.0" என்று வைக்கலாம். ஆனால் "கிளையன்ட்" என்றே ஒரு டேக் ஏற்கெனவே இருந்தால் இது முடியாது, ஒரே பெயர் கோப்பாகவும் அடைவாகவும் இருக்க இயலாதே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டும் மாறும் இரண்டு டேக்குகளையும் தவிருங்கள், விண்டோஸிலும் மேக்கிலும் அவை மோதலாம்.

பட்டியலிடும்போது 1.10 என்பது 1.9-க்கு முன்னால் வருகிறதா? பதிப்பு வரிசைப்படி அடுக்கும் விருப்பத்தைக் கான்ஃபிகில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிராஞ்சுக்கும் டேக்குக்கும் ஒரே பெயர் இருந்தால்?

குழப்பம் நிச்சயம். பெரும்பாலான கட்டளைகள் எச்சரித்துவிட்டு டேக்கை எடுத்துக்கொள்ளும். செக்அவுட் பிராஞ்சை எடுக்கும். புஷ், எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியாமல் நின்றுவிடும். "ரெஃப்ஸ்/டேக்ஸ்/" என்று தொடங்கும் முழுப் பெயரைக் கொடுத்தால் தப்பலாம். ரிலீஸ் பிராஞ்சுக்கு "ரிலீஸ்/1.4", டேக்குக்கு "வி1.4.0" என்று பிரித்து வைத்தால் இந்த நிலையே வராது.

டேக் கமிட்டை மட்டும்தான் சுட்டுமா?

கிட்டில் எந்த ஆப்ஜெக்ட்டையும் சுட்டலாம். லினக்ஸ் கெர்னல் ரெப்போவில் "வி2.6.11-டிரீ" என்ற டேக் கமிட்டை அல்ல, ஒரு கோப்பு மரத்தைச் சுட்டுகிறது. 2005-இல் கெர்னல் கிட்டுக்கு வந்தபோது அதற்கு முந்தைய 2.6.11-இன் வரலாறு அந்த ரெப்போவில் இல்லை, நிலை மட்டும் பாதுகாக்கப்பட்டது. கிட்டின் சொந்த ரெப்போவில் கிட்டைப் பராமரிக்கும் ஜூனியோ ஹமானோவின் பொதுச் சாவி ஒரு தனிக் கோப்பு ஆப்ஜெக்ட்டாக இருக்கிறது, அதைச் சுட்ட ஒரு டேக் உண்டு. டேக்கைச் செயலாக்கும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள், எல்லா டேக்கும் கமிட்டாகவே முடியும் என்று எண்ணிவிட வேண்டாம்.

டேக்கை செக்அவுட் செய்து அதிலேயே திருத்தம் செய்யலாமா?

செய்தால் நீங்கள் எந்த பிராஞ்சிலும் இல்லாத நிலையில் இருப்பீர்கள். அங்கே போடும் கமிட்டுகளைச் சுட்டப் பெயர் எதுவும் இருக்காது, வேறு பிராஞ்சுக்குப் போனதும் கண்ணில் படாமல் போய்விடும். டேக்கிலிருந்து ஒரு பிராஞ்ச் எடுத்து, அதில் திருத்தி, புது டேக் போடுங்கள். பழைய ரிலீஸுக்கு அவசரத் திருத்தம் தர வேண்டிய நாளில் இந்த வசதிக்காகவே டேக் போட்டு வைத்தோம்.

பழைய டேக்குகளைச் சுத்தம் செய்யலாமா?

ரிலீஸ் டேக் என்றால் வேண்டாம். பத்து ஆண்டு பழைய பதிப்பை யாரோ எங்கோ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், அவர்களுடைய பக் அறிக்கை வரும்போது அந்த 100 பைட் தேவைப்படும். நைட்லி, சோதனை டேக்குகளை அழிக்கலாம். அழித்த பிறகு சர்வரில் மட்டும் போனால் போதாது, அணியினரின் குளோன்களில் அவை அப்படியே இருக்கும். அவர்களில் ஒருவர் மொத்தமாக டேக்குகளைப் புஷ் செய்தால் எல்லாம் திரும்பிவிடும். எனவே நாளைக் குறித்து எல்லோருக்கும் சொல்லி, ஃபெட்ச்சோடு டேக்குகளையும் கத்தரிக்கும் கட்டளையை ஓட்டச் சொல்லுங்கள். அந்தக் கட்டளை சர்வரில் இல்லாத அவர்களுடைய சொந்த டேக்குகளையும் அழித்துவிடும் என்பதையும் அதே செய்தியில் சொல்லிவிடுங்கள்.